நெஞ்சு நோயும் நீங்காப் பழியும்: கவிஞர் இராபர்ட் பர்ன்ஸ்

ஒரு கவிஞர் இளவயதில் மறைந்துவிட்டால், அவர் எதனால் மறைந்தார் என்ற வினாவுக்கு ஊர் உடனே ஒரு விடையை வைத்திருக்கும். அந்த விடை பெரும்பாலும் அவருடைய உடலைப் பற்றியதாக இராது. ஒழுக்கத்தைப் பற்றியதாகவே இருக்கும். குடித்தார், கூடா நட்புக் கொண்டார், உடம்பைப் பேணவில்லை என்று மூன்று தொடர்களில் ஒரு வாழ்க்கையை முடித்துவிடுவார்கள். நம் வட்டத்தின் கூட்டங்கள் முடிந்த பிறகு திண்ணையில் அமர்ந்து நாம் பேசிய பேச்சுகளிலும் இந்த வழக்கம் இல்லாமற் போகவில்லை. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, அத்தகைய பழியை நூறாண்டுக்கு மேலாகச் சுமந்த ஒரு பெருங்கவிஞரின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது. அவர் ஸ்காட்லாந்தின் இராபர்ட் பர்ன்ஸ். 37 வயதில் இறந்தார். மதுவே அவரைக் கொன்றது என்ற கருத்தை நூலில் எழுதிப் பரப்பியவர்களில் ஒருவர் மருத்துவர் என்பதுதான் இதில் வியப்பு.

1759-ஆம் ஆண்டு சனவரி 25-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தென்மேற்கில் ஏர் நகரை அடுத்த அல்லோவே என்னும் சிற்றூரில் பர்ன்ஸ் பிறந்தார். பிறந்த வீடு அவர் தந்தை வில்லியம் தம் கையாலேயே எழுப்பிய மண்சுவர்க் குடிசை. குழந்தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தபோது வீசிய புயலில் அதன் பக்கச்சுவர் சரிந்தது. தாயையும் சேயையும் இருளில் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். இந்த நிகழ்ச்சியைப் பர்ன்ஸே பிற்காலத்தில் விளையாட்டாகப் பாட்டில் வைத்திருக்கிறார்.

தந்தை வடகிழக்குச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தோட்டக்காரர். நேர்மையும் கண்டிப்பும் மிக்கவர். பிள்ளைகளுக்குக் கல்வி தர வேண்டும் என்பதில் பிடிவாதம் உள்ளவர். தாய் ஆக்னஸுக்கு எழுதத் தெரியாது. ஆனால் அவர் நெஞ்சில் பழம்பாடல்கள் நிறைந்திருந்தன. உடன் வாழ்ந்த உறவுக்கார மூதாட்டி ஒருவர் பேய்க்கதைகளையும் தேவதைக் கதைகளையும் ஓயாமல் சொல்வார். ஏட்டுக்கல்வி தந்தை வழியும் பாட்டு தாய் வழியும் வந்து சேர்ந்தன. 1765-இல் தந்தையும் அயலார் சிலரும் சேர்ந்து ஜான் மர்டாக் என்ற இளைஞரை ஆசிரியராக அமர்த்தினர். இராபர்ட்டுக்கும் தம்பி கில்பர்ட்டுக்கும் பாடம் சொன்ன அந்த ஆசிரியர், இருவரில் கில்பர்ட்டுக்கே கற்பனையும் கலகலப்பும் உண்டென்றும், இராபர்ட்டுக்கு இசை காதில் ஏறவில்லையென்றும் கருதினாராம். ஆசிரியர்களாகப் பணியாற்றும் நம் வட்ட அன்பர்கள் இதைக் கேட்டுச் சினம் கொள்ள வேண்டா.

1766-இல் குடும்பம் மவுண்ட் ஆலிபண்ட் என்னும் பண்ணைக்குப் பெயர்ந்தது. இந்தக் கட்டுரையின் உயிர்ப்பகுதி இந்தப் பண்ணையில்தான் இருக்கிறது. ஆகவே இங்குச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அது 70 ஏக்கர் குத்தகை நிலம். ஆண்டுக் குத்தகை 40 பவுன். மண் வளமற்றது. மாடும் கருவியும் வாங்கத் தந்தை நிலவுடைமையாளரிடமே 100 பவுன் கடன் வாங்கியிருந்தார். அந்த நிலவுடைமையாளர் நல்லவர். 1769-இல் அவர் இறந்த பிறகு காரியம் பார்க்க வந்த அதிகாரி கடுமையானவர். அவரிடமிருந்து வரும் மிரட்டல் கடிதங்களைப் படித்து வீடு முழுவதும் கண்ணீர் விடும். கூலியாள் வைக்க வசதியில்லை. பல ஆண்டுகள் வீட்டில் இறைச்சி என்பதே கிடையாது. அந்தக் குளிர்நாட்டில் அது எத்தகைய வறுமை என்பதை, கூழும் கம்பங்களியும் உண்டு வளர்ந்த நம் முன்னோர் உணர்வார்கள். இராபர்ட் 13 வயதில் கதிரடித்தான். 15 வயதில் அந்தப் பண்ணையின் முதன்மை உழைப்பாளி அவன்தான். ஈரமண்ணில் கலப்பையைப் பிடித்து நடப்பது வளர்ந்த ஆளுக்கே தோள் ஒடியும் வேலை. அந்தச் சிறுவனின் தோள்கள் கூன் விழத் தொடங்கின. அந்தக் கூனல் இறுதிவரை நிமிரவில்லை.

மாலை நேரங்களில் அவனுக்கு மந்தமான தலைவலி வரும். சில ஆண்டுகள் சென்றதும் தலைவலியின் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டது. இரவில் படுக்கையில் நெஞ்சு படபடக்கும், மூச்சு அடைக்கும், மயக்கம் வருவது போலிருக்கும். இவற்றையெல்லாம் அண்ணன் இறந்த பிறகு கில்பர்ட் விளக்கமாக எழுதிவைத்தார். ஐம்பது வயதைக் கடந்த தந்தை உடல் தளர்ந்துவருவதைக் கண்ட பிள்ளைகளின் மனத்தில் இருந்த அச்சமும் துயரமுமே அண்ணனின் மனச்சோர்வுக்குக் காரணம் என்பது கில்பர்ட்டின் கணிப்பு. மருத்துவம் படியாத ஓர் உழவரின் கணிப்பு அது. அதை மறந்துவிடாமல் மேலே செல்வோம்.

நம் பக்கத்தில் ஒரு காலத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளைப் பெட்டியடிப் பையன்களாகப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏற்றினார்கள். தாய்முகம் காணாத மூன்றாண்டுக் கெடு அது. அவர்களில் செல்வத்தோடு திரும்பியவர்களின் கதைகளை நாம் அறிவோம். அவர்கள் உடம்பில் என்ன கொண்டு திரும்பினார்கள் என்று எவரும் கணக்கு எழுதவில்லை. வரவு செலவை அணா பைசா விடாமல் எழுதிய பேரேடுகளில் அதற்குப் பத்தி இல்லை. கில்பர்ட் தம் அண்ணனுக்கு அந்தப் பத்தியை எழுதினார் என்பதுதான் சிறப்பு.

அந்தப் பண்ணையில்தான் பாட்டும் பிறந்தது. அறுவடைக் காலத்தில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் இணையாக நின்று வேலை செய்வது அவ்வூர் வழக்கம். 15 வயது அளவில் தனக்கு இணையாக வந்த சிறுமி பாடிய மெட்டுக்குத் தானும் சொற்கட்ட வேண்டும் என்று இராபர்ட்டுக்குத் தோன்றியது. அவருடைய முதற்பாட்டு அது. மெட்டைக் கேட்டு, அது நெஞ்சில் ஊறிய பின் சொல்லைத் தேடும் வழக்கம் இறுதிவரை அவரை விடவில்லை. இசை ஏறவில்லை என்று ஆசிரியர் சொன்ன காது அது!

1777-இல் லாக்லி என்னும் மற்றொரு பண்ணைக்குக் குடும்பம் சென்றது. நிலம் பெரிது, தொல்லையும் பெரிது. நிலவுடைமையாளரோடு ஏற்பட்ட வழக்கு எடின்பரோ உயர்நீதிமன்றம் வரை சென்றது. 1784 சனவரியில் தீர்ப்பு பெரும்பாலும் தந்தைக்குச் சாதகமாக வந்தது. ஆனால் வழக்குச் செலவு இருந்ததைத் தின்றுவிட்டது. சயரோகம் அவரைத் தின்றுகொண்டிருந்தது. பிப்ரவரி 13-ஆம் நாள் அவர் இறந்தார். இதற்கிடையில் 1781-இல் இராபர்ட் இர்வின் நகருக்குச் சென்று ஆளி நார் பதப்படுத்தும் தொழிலைக் கற்க முயன்றார். அங்குக் கடுமையாக நோயுற்றார். மருத்துவர் அடுத்தடுத்து வந்து பார்க்க வேண்டியிருந்தது. புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் கடை தீப்பற்றி எரிந்து, தொழிலும் போயிற்று.

தந்தைக்குப் பின் சகோதரர் இருவரும் மாஸ்கீல் என்ற பண்ணைக்குப் பெயர்ந்தனர். இங்குப் படபடப்பும் மயக்கமும் மீண்டும் மிகுந்தன. படுக்கைக்கு அருகில் குளிர்நீர்த் தொட்டி ஒன்றை வைத்துக்கொண்டு, இரவில் நெஞ்சு பதறும்போது அதில் இறங்கி எழுவாராம். அத்தகைய இரவுகளுக்கு மறுநாள் அதே மனிதர் ஏர் பிடித்து நடந்தார். 1785 நவம்பரில் அவருடைய கொழு ஒரு வயலெலியின் கூட்டைப் பெயர்த்துவிட்டது. குளிர்காலத்துக்கென அந்தச் சிற்றுயிர் சேர்த்த சருகும் தாளும் சிதறியதைக் கண்டு அவர் பாடிய பாட்டை அறியாத ஆங்கில இலக்கிய மாணவர் இல்லை. அது எலியைப் பற்றிய பாட்டு என்று படித்து நகர்ந்துவிடலாம். வீட்டிலிருந்து எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தோடு வளர்ந்த பிள்ளை எழுதிய பாட்டு என்று எண்ணிப் படித்தால் அதன் நடுக்கம் வேறாகத் தெரியும்.

1786 அவர் வாழ்வின் ஊழியாண்டு. ஜீன் ஆர்மர் என்ற பெண் அவரால் கருவுற்றாள். ஏழை உழவனுக்குப் பெண் தர அவள் தந்தை மறுத்தார். திருச்சபை பர்ன்ஸை மக்கள் முன் நிறுத்திக் கண்டித்தது. வேறு வழியின்றிக் கடல் கடந்து ஜமைக்காவின் தோட்டமொன்றில் கணக்குப் பார்க்கப் போவது என்று முடிவு செய்தார். அடிமைகளை வைத்து நடந்த கரும்புத் தோட்டங்கள் அவை. மனித சமத்துவத்தைப் பாடிய கவிஞர் அந்த வேலைக்கு இசைந்தது அவர் வரலாற்றில் ஒரு கறை. அன்பர்கள் பலர் இதைச் சொல்லாமலே விட்டுவிடுவதுண்டு. கப்பற்செலவுக்குப் பணம் திரட்டும் நோக்கமும் சேர்ந்து, சூலை 31-இல் கில்மார்னாக் நகரில் அவருடைய முதல் கவிதைத் தொகுதி அச்சாகியது. 612 படிகள், விலை 3 ஷில்லிங். ஒரு மாத அளவில் ஏறத்தாழ அனைத்தும் விற்றுப்போயின. ஜமைக்காப் பயணம் நின்றது. செப்டம்பரில் ஜீனுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்தன. நவம்பரில் கவிஞர் எடின்பரோ நகருக்குச் சென்றார்.

தலைநகரம் அவரைக் கொண்டாடியது. எழுத்தறியாத ஏழை ஏர்க்காரன் வானத்தருளால் பாடுகிறான் என்று வியந்தது. ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் போப்பையும் அவர் படித்தவர் என்பது அந்த வியப்புக்கு இடையூறாக இருந்ததால் அதை எவரும் பொருட்படுத்தவில்லை. அந்த விருந்துகளில் ஒன்றில் அவரைக் கண்ட பதினைந்து வயதுச் சிறுவன் பின்னாளில் சர் வால்டர் ஸ்காட் ஆனான். 1787-இல் எடின்பரோப் பதிப்பு வெளிவந்தது. பதிப்புரிமையை 100 கினிக்கு விற்றுவிட்டார். பின்னர் நாட்டுப்பாடல்களைத் திரட்டி ஜான்சன் என்பவர் வெளியிட்ட தொகுதிகளுக்கு ஏறத்தாழ 200 பாடல்களைத் தந்தார். ஊதியம் எதுவும் வாங்கவில்லை. சிதைந்த பழம்பாட்டுக்கு உயிர் கொடுப்பதற்குக் கூலி வாங்குவது தகாது என்று எண்ணினார். அந்தப் பாடல்களின் மெட்டுகள் நம் நாட்டுக்கும் வந்துள்ளன; பழைய நட்பைப் பாடும் பர்ன்ஸின் பாட்டு மெட்டில்தான் தாகூர் தம் வங்கப்பாடல் ஒன்றை அமைத்தார்.

1788-இல் ஜீனை மணந்து, டம்ஃப்ரீஸ் நகரை அடுத்த எல்லிஸ்லண்ட் பண்ணையை எடுத்தார். அந்த நிலமும் ஏமாற்றியது. இவருக்கு வாய்த்த நிலமெல்லாம் இப்படித்தான். 1789-இல் கலால் அலுவலர் வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 50 பவுன். சாராயப் பீப்பாய்களையும் மெழுகுவத்திகளையும் அளந்து வரி போட, மழையிலும் பனியிலும் வாரத்துக்கு 200 மைல் வரை குதிரைமேல் அலைந்தார். 1791-இல் பண்ணையை விட்டு டம்ஃப்ரீஸ் நகரில் குடியேறினார். பிரெஞ்சுப் புரட்சியின்பால் கொண்ட பரிவால் 1792 இறுதியில் மேலிடத்து விசாரணைக்கும் ஆளானார். குடும்பச் சோற்றுக்காக வாயை அடக்கிக்கொண்டார்.

1795 செப்டம்பரில், மூன்று வயதும் நிரம்பாத மகள் எலிசபெத் இறந்தாள். அந்தத் துயரின் பின்னாலேயே கடும் வாதக் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. மூட்டுகள் வீங்கி, எழுந்து நடக்க முடியாமல் கிடந்தார். 1796 சூலைத் தொடக்கத்தில் மருத்துவர்கள் அவரைச் சால்வே கடற்கரையில் உள்ள பிரவ் என்னும் ஊற்றுக்கு அனுப்பினர். இரும்புச்சத்துள்ள நீரைக் குடித்து, குளிர்ந்த கடல்நீரில் அக்குள் வரை இறங்கி நிற்க வேண்டும் என்பது மருத்துவம். இதயம் தளர்ந்த ஒருவருக்கு அன்றைய அறிவு தந்த மருந்து அதுதான். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே இருந்தபோது, தன்னார்வப் படைச் சீருடைக்குப் பட்ட ஏழு பவுன் சொச்சக் கடனுக்காகக் கடைக்காரரின் வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. கடன்சிறை என்ற அச்சம் கவிஞரைப் பற்றிக்கொண்டது. சிறுவயதில் மவுண்ட் ஆலிபண்ட் வீட்டுக்கு வந்த கடிதங்களுக்கு நடுங்கிய அதே நடுக்கம். உறவினரிடம் 10 பவுனும், பாடல்களுக்குப் பணம் வேண்டா என்று தாமே மறுத்திருந்த பதிப்பாசிரியரிடம் 5 பவுனும் கேட்டு எழுதினார். இருவரும் அனுப்பினர். 18-ஆம் நாள் வீடு திரும்பி, 21-ஆம் நாள் உயிர் துறந்தார். 25-ஆம் நாள் படை மரியாதையோடு அவரை அடக்கம் செய்த அதே நாளில் ஜீனுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது.

இனிப் பழியின் கதை.

1800-இல் லிவர்ப்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கரி நான்கு தொகுதிகளில் பர்ன்ஸின் படைப்புகளையும் வரலாற்றையும் வெளியிட்டார். கைம்பெண்ணுக்கும் பிள்ளைகளுக்கும் பொருள் சேர்ப்பது நோக்கம், அது நிறைவேறியது. அவர் கெட்டவர் அல்லர். ஆனால் பர்ன்ஸை ஒரே ஒருமுறை சிறிது நேரம் கண்டவர். மதுவிலக்கில் தீவிரப் பற்றுடையவர். எனவே வரலாற்றின் இறுதியில், மது மெல்ல மெல்ல அவர் உடலை அழித்தது என்ற படத்தைத் தீட்டினார். மதுக்கடையிலிருந்து திரும்பும் வழியில் பனியில் விழுந்து உறங்கியதால்தான் இறுதி நோய் வந்தது என்ற கதையும் பரவியது. அடுத்து வந்த வரலாற்றாசிரியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர். கலால் துறையில் அவருக்கு மேலதிகாரியாக இருந்தவர், பர்ன்ஸ் கடமை தவறாத அலுவலர் என்று சான்று கூறினார், கேட்பாரில்லை. கில்பர்ட் எழுதிய குழந்தைப்பருவக் குறிப்பும் கரியின் பதிப்பிலேயே அச்சாகி இருந்தது. அதாவது நோயின் தொடக்கத்தைச் சொல்லும் சான்று, பழியைச் சுமத்திய நூலின் உள்ளேயே கிடந்தது. மருத்துவராகிய பதிப்பாசிரியர் இரண்டையும் இணைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவும் இயலாது என்றே நான் நினைக்கிறேன். நெஞ்சொலி கேட்கும் கருவி 1816-இல்தான் பிறந்தது. மூட்டு வாதமும் இதய நோயும் ஒரே நோயின் இரு முகங்கள் என்பதை பிரெஞ்சு மருத்துவர் புய்யோ நிலைநாட்டியது 1830-களில்.

1926-இல் முதிய மருத்துவ அறிஞர் சர் ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுன், பர்ன்ஸின் கடிதங்களையும் கில்பர்ட்டின் குறிப்பையும் ஒரு நோயாளியின் வரலாறாக எடுத்துப் படித்தார். சிறுவயது வாதக் காய்ச்சல் இதயத்தைப் புண்படுத்தியது. அந்தப் புண்ணே 37-ஆம் வயதில் கொன்றது. மது அன்று என்று நூலெழுதி வாதாடினார். இன்றும் பர்ன்ஸைப் பற்றி எழுதும் மருத்துவர்களில் பெரும்பாலோர் இந்த வழியிலேயே செல்கின்றனர். இறந்தவருக்கு ஏட்டைப் பார்த்து நோய் கூறுவது ஊகமே என்ற எச்சரிக்கையும் வேண்டும். பர்ன்ஸ் குடிக்காதவர் அல்லர். அக்காலத்து எடின்பரோ விருந்துகளில் குடிக்காமல் எழுந்தவர் எவர்?

வாதக் காய்ச்சலின் இயல்பைச் சிறிது சொன்னால்தான் சிறுவயதுக்கும் இறப்புக்கும் உள்ள தொடர்பு விளங்கும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி குழந்தையின் தொண்டையில் புண்ணை உண்டாக்குகிறது. உடல் அதை எதிர்த்துப் படை திரட்டி வெல்கிறது. கிருமியின் மேலுறையில் உள்ள புரதமும் நம் இதயத் தசையின் புரதமும் ஓரளவு ஒத்திருப்பதால், இரண்டு மூன்று வாரங்களில் அந்தப் படை ஆளறியாமல் தன் வீட்டையே தாக்கத் தொடங்குகிறது. மூட்டு வீங்கி வடியும். இதயத்தின் வால்வில் விழுந்த வடு நிலைத்துவிடும். 5 முதல் 15 வயது வரை இது மிகுதி. நெரிசலான குடியிருப்பு, வறுமை, ஊட்டக்குறைவு ஆகிய மூன்றும் இருக்குமிடத்தில் இது தழைக்கும். மவுண்ட் ஆலிபண்ட் வீட்டில் மூன்றும் இருந்தன. மீண்டும் மீண்டும் காய்ச்சல் வரும்போதெல்லாம் வடு ஆழமாகும். உடலே உடலைத் தாக்கும் இத்தகைய நோய்களுக்குத் தன்னுடல் தாக்கு நோய்கள் என்று பெயர். முடக்குவாதமும் தோலையும் சிறுநீரகத்தையும் அரிக்கும் லூபஸும் இந்த இனத்தவையே.

கிருமி ஒரு பக்கம் இருக்க, துயரத்துக்கும் இதில் பங்குண்டா? கில்பர்ட் உண்டென்றார். அண்மைக்கால ஆய்வுகள் அவர் பக்கம் சாய்கின்றன. 15,000-க்கு மேற்பட்ட அமெரிக்க மக்களின் குழந்தைப்பருவத்தையும் பிற்கால மருத்துவமனை ஏடுகளையும் ஒப்பிட்ட ஆய்வொன்று 2009-இல் வெளிவந்தது. அடியும் வசையும், குடும்பத்தில் வன்முறை, பெற்றோர் பிரிவு போன்ற கொடுமைகளில் இரண்டோ அதற்கு மேலோ பட்டவர்கள், எதுவும் படாதவர்களைவிட, தன்னுடல் தாக்கு நோய்களுக்காக மருத்துவமனையில் சேர்ந்த அளவு கூடுதலாக இருந்தது. வாத வகை நோய்களில் அது இரு மடங்கை எட்டியது. காரணத்தை இப்படி விளக்குகிறார்கள்: அச்சம் வரும்போது கார்ட்டிசால் என்னும் சுரப்பு எழுந்து உடலைக் காக்கிறது, அழற்சியைத் தணிப்பதும் அதன் வேலை. அச்சம் ஆண்டுக்கணக்கில் நீங்காதிருந்தால், அந்தச் சுரப்பின் கட்டளைக்கு உயிரணுக்கள் செவிசாய்ப்பதை விட்டுவிடுகின்றன. கடிவாளம் தளர்ந்த எதிர்ப்புப் படை பிற்காலத்தில் எளிதில் மிரள்கிறது. எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்னர் வீட்டுக்கு வந்த ஒரு மிரட்டல் கடிதத்தை மனம் மறந்திருக்கலாம், உடல் மறப்பதில்லை.

ஆனாலும் இதை விதியாக்கிவிடக் கூடாது. அதே குடிசையில் பிறந்து, அதே கூழைக் குடித்து, அதே கடிதங்களுக்கு அழுத கில்பர்ட் 1827 வரை, 66 ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரே மழையில் நனைந்த இருவரில் ஒருவருக்கே காய்ச்சல் வருகிறது. மரபு, கிருமி, தற்செயல் எல்லாம் சேர்ந்தே நோய் ஆகிறது. கரி செய்த பிழையை எதிர்ப்புறமிருந்து நாம் செய்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒரு செய்தி பர்ன்ஸ் அன்பர்களுக்கு மிகவும் பிடிக்கும். வாதக் காய்ச்சலைத் தடுக்க உலகுக்குக் கிடைத்த மருந்து பென்சிலின். தொண்டைப் புண்ணுக்கு உரிய காலத்தில் அதைத் தந்தால் காய்ச்சலே வராது. ஒருமுறை வந்த பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை ஊசி போட்டுவந்தால் மறுதாக்குதலைத் தடுக்கலாம். நம் நாட்டு அரசு மருத்துவமனைகளில் அந்த ஊசிக்காகத் தாயின் கைபிடித்து நின்ற பிள்ளைகள் ஏராளம். அந்த மருந்தை 1928-இல் கண்ட அலெக்சாண்டர் ஃபிளெமிங், பர்ன்ஸ் பிறந்த அதே ஏர்ஷயர் மாவட்டத்தில், டார்வெல் அருகே ஒரு பண்ணை வீட்டில் பிறந்தவர், உழவர் மகன், ஏழு வயதில் தந்தையை இழந்தவர்.

1801-இல் நண்பர்கள் சிலர் அல்லோவேக் குடிசையில் கூடி, உண்டு, பாடி, பர்ன்ஸை நினைவுகூர்ந்தனர். அந்த வழக்கம் பற்றிப் படர்ந்து, சனவரி 25-ஆம் நாள் உலகில் ஸ்காட்லாந்துக்காரர் வாழும் ஊர்களிலெல்லாம் விருந்து நடக்கிறது. காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் கம்பன் கழகத்தைத் தொடங்கிக் கம்பனுக்கு விழா எடுத்ததும், நாட்டரசன்கோட்டை நினைவிடத்தில் ஆண்டுதோறும் அன்பர் கூடுவதும் இங்கு நினைவுக்கு வருகின்றன. ஒரு வேறுபாடு உண்டு. அந்த முதல் விருந்து நடந்தபோது கவிஞர் பிறந்த மண்குடிசை மதுவிடுதியாக மாறியிருந்தது. குடியால் இறந்தார் என்று நாடு பேசிக்கொண்டிருக்க, அவர் பிறந்த அறையிலேயே மது விற்றார்கள்.

ஜீன் ஆர்மர் கணவருக்குப் பின் 38 ஆண்டுகள் அதே டம்ஃப்ரீஸ் வீட்டில் வாழ்ந்தார். தன் பிள்ளைகளோடு, கணவருக்கு வேறொருத்தியிடம் பிறந்த பெண்குழந்தையையும் தன்னுடையதாக வளர்த்தார். வீடு தேடி வந்தவர்களிடம் கணவரைப் பற்றிக் குறை ஒன்றும் சொன்னதில்லை என்பர். 1834-இல் அவரை அடக்கம் செய்யக் கல்லறையைத் திறந்தபோது, தலையின் அமைப்பிலிருந்து அறிவை அளக்கலாம் என்று நம்பிய சிலர் இரவில் உள்ளே இறங்கினர். பர்ன்ஸின் மண்டையோட்டை எடுத்து அளந்து, சுண்ணத்தில் அச்செடுத்துக்கொண்டு, மீண்டும் உள்ளே வைத்து மூடினர்.